அப்கிரேடு பாதியில் உடைந்தால்: டெபியன், உபுண்டு கணினியை மீட்க முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கணினியில் அப்கிரேடு ஓடும்போது நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் (மென்பொருள் தொகுப்புகள்) வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். நடுவில் ஒன்று பிழை காட்டி நிற்கும். அதைத் தொடர்ந்து இன்னும் பத்து பிழைகள் ஓடும். கடைசியில், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி நிரலில் பிழை எண் 1 என்று சொல்லிவிட்டு டெர்மினல் அமைதியாகிவிடும். அந்த நேரத்தில் பெரும்பாலானோருக்குத் தோன்றுவது, ரீபூட் செய்து பார்க்கலாம் என்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் அதைத்தான் செய்தேன். ஒரு சர்வரை அடுத்த பதிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) இணைப்பு அறுந்தது. திரும்ப உள்ளே நுழைந்து பார்த்தால் எல்லா சேவைகளும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு ரீபூட் போட்டால் மீதியும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். புதிய கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்திருந்தது, கணினி தொடங்கும்போது அதற்குத் தேவைப்படும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு மட்டும் இன்னும் உருவாகவில்லை. சர்வர் எழவே இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை விடியும் வரை இழுத்தது.

உடைந்த அப்கிரேடுகளில் பெரும்பாலானவை உண்மையில் உடைந்தவை அல்ல, பாதியில் நின்றவை. எந்த பேக்கேஜ் எந்தக் கட்டத்தில் நின்றது என்று டிபிகேஜி குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னால் போதும். நிலைமை மோசமாவது பெரும்பாலும் அதற்குப் பிறகு நாம் பதற்றத்தில் அழிக்கும் கோப்புகளாலும், எங்கோ படித்து ஒட்டும் கட்டளைகளாலும்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிடுங்கள். கணினியை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் சூடோ சேர்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால், இன்னொரு எஸ்எஸ்ஹெச் இணைப்பைத் திறந்து ரூட் உரிமையோடு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக உள்ளே நுழைய முடியாத நிலை வந்தாலும், ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது பெரும்பாலும் பாதிக்காது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தாங்கள் தொடங்கியபோது ஏற்றிய பழைய நூலகங்களையே நினைவகத்தில் வைத்துக்கொண்டு ஓடுகின்றன. வட்டில் இருக்கும் கோப்பு மாறினாலும் அவற்றுக்கு உடனே ஒன்றும் ஆகாது. இந்த அவகாசம் ரீபூட் செய்யும் வரைதான் நமக்குக் கிடைக்கும்.

அடுத்து, அந்தக் கணினியில் டேட்டாபேஸ் ஏதாவது ஓடிக்கொண்டிருந்து அதற்கு இன்றைய பேக்கப் இல்லையென்றால், இப்போதே டம்ப் (தரவின் முழு நகல்) எடுத்து வேறு கணினிக்கு நகர்த்திவிடுங்கள். மீட்பு வேலை அதற்கப்புறம்தான்.

முதல் பிழையைத் தேடுங்கள்

திரையில் கடைசியாக இருக்கும் வரிக்குப் பெரிய மதிப்பில்லை. டிபிகேஜி தோற்றது என்பதை மட்டும் ஆப்ட் (பேக்கேஜ்களைத் தரவிறக்கி டிபிகேஜியிடம் தரும் நிரல்) அதில் சொல்கிறது, ஏன் தோற்றது என்பது மேலே எங்கோ இருக்கும். மேலே நகர்த்திப் பார்க்க முடியாவிட்டால் இந்தக் கோப்பைத் திறங்கள்:

/வார்/லாக்/ஆப்ட்/டெர்ம்.லாக்

திரையில் ஓடிய அத்தனையும் இதில் இருக்கும். பக்கத்திலேயே ஹிஸ்டரி.லாக் என்ற கோப்பில் எந்த பேக்கேஜ் எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது என்ற பட்டியல் கிடைக்கும். இரண்டையும் உங்கள் ஹோம் அடைவுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் பழைய பதிப்புக்குத் திரும்ப நேர்ந்தால் இந்தப் பட்டியல் வேண்டும்.

பதிவில் பத்து பிழைகள் இருந்தாலும் பெரும்பாலும் முதலாவதுதான் நிஜம். மற்ற ஒன்பதும் அதன் விளைவு. ஒரு நூலகத்தை உள்ளமைக்க முடியாவிட்டால் அதைச் சார்ந்த ஒவ்வொரு பேக்கேஜும் தனித்தனியாகப் பிழை காட்டும். அவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார்ந்தால் நாள் போய்விடும்.

நிலைக் குறியீடுகள் என்ன சொல்கின்றன

டிபிகேஜி ஒரு பேக்கேஜை இரண்டு கட்டமாக நிறுவுகிறது. முதலில் கோப்புகளைப் பிரித்து உரிய இடங்களில் வைக்கும். பிறகு உள்ளமைக்கும், அதாவது பேக்கேஜுக்குள் இருக்கும் போஸ்ட்இன்ஸ்ட் என்ற சிறு நிரலை இயக்கும். பயனர் கணக்கை உருவாக்குவது, சேவையை மறுதொடக்கம் செய்வது போன்றவை அதன் வேலை. எந்த பேக்கேஜ் எங்கே நிற்கிறது என்று பார்க்க:

டிபிகேஜி -எல் | கிரெப் -வி '^ஐஐ'

இரண்டு ஐ எழுத்துகளோடு தொடங்கும் வரிகள் ஒழுங்காக நிறுவப்பட்டவை, அவற்றை இந்தக் கட்டளை மறைத்துவிடும். மிச்சத்தில் ஐயூ என்றால் பிரிக்கப்பட்டது, உள்ளமைக்கப்படவில்லை. ஐஎஃப் என்றால் உள்ளமைக்கும்போது போஸ்ட்இன்ஸ்ட் தோற்றிருக்கிறது. ஐஹெச் என்றால் பிரிக்கும்போதே நின்றுவிட்டது, மூன்றில் இதுதான் கவலைப்பட வேண்டியது. ஆர்சி என்பது நீக்கப்பட்ட பேக்கேஜின் அமைவுக் கோப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது என்று பொருள், அதை இப்போது கண்டுகொள்ள வேண்டாம்.

டிபிகேஜி --ஆடிட் என்ற கட்டளையும் இதே விவரத்தை விளக்கத்தோடு தரும்.

இடமும் பூட்டும்

தொடர்வதற்கு முன் டிஎஃப் -ஹெச் இயக்கி வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டிஎஃப் -ஐ இயக்கி ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு இடம்) எண்ணிக்கையையும் பாருங்கள். இடம் காலியாக இருந்தும் ஐநோடு தீர்ந்துபோனால் புதிய கோப்பு எதையும் எழுத முடியாது, பிழைச் செய்தியோ வட்டு நிறைந்துவிட்டது என்றுதான் சொல்லும். ரூட் பிரிவு நிறைந்திருந்தால் ஆப்ட் கிளீன் போட்டால் தரவிறக்கிய பேக்கேஜ் கோப்புகள் போய் இடம் கிடைக்கும். பழைய பதிப்புக்குத் திரும்ப அவை உதவலாம் என்பதால், வேறு வழியிருந்தால் அவற்றை விட்டுவையுங்கள்.

கர்னல் கோப்புகள் இருக்கும் பூட் அடைவு வட்டில் தனிப் பிரிவாக இருக்கும் கணினிகளில், அது நிறைவதே அப்கிரேடு நிற்க மிக வழக்கமான காரணம். ஒவ்வொரு கர்னலும் ஒரு பெரிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைக் கொண்டுவரும், பழையவை நீங்காமல் சேர்ந்துகொண்டே போகும். யுநேம் -ஆர் கட்டளையால் இப்போது ஓடும் கர்னலின் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அதையும் புதிதாக வந்ததையும் தொடாமல், மிகப் பழைய கர்னல் பேக்கேஜை நீக்குங்கள். ஆப்ட் நீக்க மறுத்தால், அந்தப் பழைய கர்னலின் இனிட்ஆர்டி (இனிட்ராம்எஃப்எஸ்) கோப்பை மட்டும் கையால் அழித்து இடம் உண்டாக்கி, மீட்பை முடித்துவிட்டு பேக்கேஜை முறையாக நீக்கலாம்.

பூட்டு விஷயத்தில் ஒரு தவறான ஆலோசனை பல இடங்களில் உலவுகிறது. வேறொரு நிரல் டிபிகேஜியின் பூட்டை வைத்திருக்கிறது என்று பிழை வந்தால் பூட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள் என்கிறார்கள். டெபியன் வகைக் கணினியில் அந்தக் கோப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும். கோப்பு இருப்பதால் பூட்டு விழுவதில்லை. ஒரு நிரல் அதைத் திறந்து கர்னலிடம் பூட்டு கேட்டுப் பெறுகிறது, அந்த நிரல் செத்தால் பூட்டும் தானாக விடுபடும். அதனால் பிழை வருகிறது என்றால் நிஜமாகவே ஒரு நிரல் வேலை செய்துகொண்டிருக்கிறது. கோப்பை அழித்தால் இரண்டு டிபிகேஜி ஒரே நேரத்தில் ஒரே தரவுத்தளத்தில் எழுதும் நிலை உருவாகும்.

அண்மைய ஆப்ட் பதிப்புகள் பூட்டை வைத்திருக்கும் நிரலின் எண்ணைப் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடும். பெரும்பாலும் அது தானாகப் புதுப்பிக்கும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ், சில நிமிடம் பொறுத்தால் முடிந்துவிடும். இணைப்பு அறுந்துபோன உங்கள் பழைய அப்கிரேடே இன்னும் ஓடிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அல்லது யாரோ பதில் சொல்வதற்காக அது காத்திருக்கலாம். பிஎஸ் கட்டளையால் பார்த்து உறுதி செய்தபின் மட்டும் அந்த நிரலை நிறுத்துங்கள்.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ

பாதியில் நின்ற எல்லாவற்றையும் உள்ளமைக்கச் சொல்லும் கட்டளை இது. மின்சாரம் போனதாலோ இணைப்பு அறுந்ததாலோ நின்ற அப்கிரேடு பெரும்பாலும் இதிலேயே எழுந்துவிடும். சார்பு பேக்கேஜ் ஏதாவது இன்னும் வரவில்லை என்று புகார் வந்தால் அடுத்தது:

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். சார்புகளைச் சமன்படுத்த ஆப்ட்டுக்கு இரண்டு வழி உண்டு: இல்லாததை நிறுவுவது, இருப்பதை நீக்குவது. இரண்டாவதை அது தேர்ந்தெடுத்தால் நீக்கப்படுபவை என்ற பட்டியலில் உங்கள் டெஸ்க்டாப் முழுவதும் இருக்கக்கூடும். அதனால் கேள்வி வரும்போது ஒய் அழுத்துவதற்கு முன் அந்தப் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். முன்கூட்டியே பார்க்க -எஸ் சேர்த்து ஒத்திகை இயக்கலாம், எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். முழு வாக்கியம் ஒன்றைத் தட்டச்சிட்டால்தான் தொடர்வேன் என்று ஆப்ட் சொன்னால், கணினி இயங்கத் தேவையான அடிப்படை பேக்கேஜ் நீங்கப்போகிறது என்று அர்த்தம். அங்கே நிறுத்திவிடுங்கள்.

இந்த இரண்டு கட்டளைகளையும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று முறை இயக்க வேண்டியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் பிழைப் பட்டியல் குறைந்துகொண்டே வந்தால் சரியான வழியில்தான் போகிறீர்கள்.

ஒரே பேக்கேஜ் திரும்பத் திரும்பத் தோற்றால்

ஐஎஃப் நிலையில் ஒரு பேக்கேஜ் அசையாமல் நின்றால் அதன் போஸ்ட்இன்ஸ்ட்டில் ஏதோ ஒரு வரி தோற்கிறது. அந்த நிரலை நீங்களே திறந்து படிக்கலாம். /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ அடைவில், பேக்கேஜ் பெயரோடு புள்ளி வைத்து போஸ்ட்இன்ஸ்ட் என்று முடியும் கோப்பு அது. பெரும்பாலும் சாதாரண ஷெல் ஸ்கிரிப்ட்தான். நிரல் எழுதத் தெரியாதவர்களும் அதைப் படித்தால் என்ன செய்ய முயல்கிறது என்று ஓரளவு புரியும், படித்துப் பாருங்கள்.

நான் அதிகம் பார்த்த காரணம், சேவை தொடங்க மறுப்பது. வெப் சர்வர் ஒன்றின் புதிய பதிப்பு வருகிறது, போஸ்ட்இன்ஸ்ட் அதை மறுதொடக்கம் செய்கிறது, அமைவுக் கோப்பில் நீங்கள் எப்போதோ எழுதிய ஒரு வரியைப் புதிய பதிப்பு ஏற்கவில்லை. அல்லது 80ஆம் போர்ட்டை வேறொரு நிரல் பிடித்துவைத்திருக்கிறது. சேவை எழவில்லை, போஸ்ட்இன்ஸ்ட் தோற்கிறது, பேக்கேஜே உடைந்ததாக டிபிகேஜி பதிவு செய்கிறது. பேக்கேஜில் ஒரு குறையும் இல்லை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ், ஜர்னல்சிடிஎல் கட்டளைகளால் சேவையின் பிழையைப் பார்த்து, அமைவுக் கோப்பைத் திருத்தி, மீண்டும் கான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்தால் தீர்ந்தது.

போஸ்ட்இன்ஸ்ட் கோப்பின் தொடக்கத்திலேயே எக்ஸிட் 0 என்று எழுதிவிடுங்கள் என்றும் சிலர் சொல்வார்கள். பிழை மறையும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிரல் செய்திருக்க வேண்டிய வேலை எதுவும் நடக்காமல், எல்லாம் சரி என்று டிபிகேஜி பதிவு செய்துகொள்ளும். என்ன விடுபடுகிறது என்று படித்துப் புரிந்து, அதைக் கையால் செய்து முடித்தவர் மட்டும் தொட வேண்டிய வழி அது.

இன்னொரு வகைப் பிழை: ஒரு பேக்கேஜ் எழுத வரும் கோப்பு ஏற்கெனவே வேறொரு பேக்கேஜுக்குச் சொந்தம் என்று டிபிகேஜி மறுக்கும். அதிகாரபூர்வமல்லாத மூலங்களிலிருந்து நிறுவியவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்த வெளி பேக்கேஜை நீக்கிவிட்டுத் தொடர்வதே நல்லது. மற்றதன் கோப்பின் மேல் எழுத வைக்கும் ஃபோர்ஸ்-ஓவர்ரைட் தெரிவை, இரண்டு பேக்கேஜும் ஒரே கோப்பைத்தான் தருகின்றன என்று தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

அமைவுக் கோப்புகள்

அப்கிரேடு முடிந்தது, சேவையின் நடத்தை மட்டும் மாறிவிட்டது என்றால், நடுவில் வந்த ஒரு கேள்விக்கு அவசரத்தில் பதில் சொல்லியிருப்பீர்கள். உங்கள் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்ற கேள்வி அது. எப்படிச் சொல்லியிருந்தாலும் இழப்பில்லை. புதியதைத் தேர்ந்தெடுத்திருந்தால் உங்கள் பழைய கோப்பு டிபிகேஜி-ஓல்டு என்ற பின்னொட்டோடு அதே இடத்தில் இருக்கும். பழையதை வைத்திருந்தால் புதியது டிபிகேஜி-டிஸ்ட் என்று இருக்கும். ஃபைண்ட் கட்டளையால் /ஈடிசி முழுவதும் இந்தப் பின்னொட்டுகளைத் தேடி, டிஃப் போட்டு ஒப்பிட்டு, வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்புதல்

எல்லாம் ஒழுங்காக நிறுவப்பட்டும் புதிய பதிப்பிலேயே குறை இருந்தால் பின்னால் போக வேண்டும். ஆப்ட் பாலிசி என்று எழுதி பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் கிடைக்கும் பதிப்புகள் தெரியும். ஆப்ட் இன்ஸ்டால் கட்டளையில் பெயருக்குப் பின் சமக் குறி போட்டுப் பதிப்பு எண்ணை எழுதினால் அதுவே வரும். பட்டியலில் இல்லையென்றால் /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்க்கைவ்ஸ் அடைவில் பாருங்கள். ஆப்ட்-கெட் என்ற பழைய கட்டளையைப் பயன்படுத்துபவர்களுக்கு அங்கே பழைய கோப்புகள் இருக்கலாம். ஆப்ட் கட்டளை நிறுவி முடித்ததும் அவற்றை அழித்துவிடுகிறது. அங்கும் இல்லாவிட்டால், டெபியனில் இதுவரை வெளியான பதிப்புகளைத் தேதிவாரியாகச் சேமித்திருக்கும் ஸ்னாப்ஷாட் தளத்திலும், உபுண்டுவுக்கு லாஞ்ச்பேடிலும் கிடைக்கும்.

ஆனால் டெபியன் பேக்கேஜ்கள் முன்னால் போவதற்கு மட்டுமே வடிவமைக்கப்பட்டவை, பின்னால் வருவதை யாரும் முறையாகச் சோதிப்பதில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது டெபியன் என்ன செய்தது என்று பாருங்கள். பழைய 5.4.5ஐயே, 5.6.1+ரியலி5.4.5-1 என்ற பெயரில் புதிய பதிப்பாக வெளியிட்டது. எண் முன்னால் போகிறது, உள்ளே இருப்பது பழையது. அப்படித்தான், குறையுள்ள பதிப்பு ஏறியிருந்த கணினிகளில் வழக்கமான அப்கிரேடிலேயே அது மாறியது.

ஒரு பயன்பாட்டையோ, வரைகலை இயக்கியையோ, கர்னலையோ பின்னால் கொண்டுவரலாம். லிப்சி6 என்ற அடிப்படை நூலகத்தை மட்டும் அப்படி முயலாதீர்கள். கணினியில் ஏறக்குறைய எல்லாமே அதன் மேல் நிற்கிறது, பாதியில் தோற்றால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளைகூட ஓடாது. ஒரு முழு வெளியீட்டையே பின்னால் திருப்புவதும் அப்படித்தான். அதற்குப் பேக்கப் அல்லது ஸ்னாப்ஷாட் (வட்டின் முந்தைய நிலையை அப்படியே சேமித்தது) தான் வழி.

டேட்டாபேஸ்கள் தனி வகை. நிரலைத் திருப்பலாம், தரவு திரும்பாது. மைஎஸ்கியூஎல் 5.7லிருந்து 8.0க்குத் தரவு ஏறிவிட்டால் அதே தரவு அடைவில் 5.7ஐ இயக்க முடியாது, முன்பு எடுத்த டம்ப் வேண்டும். போஸ்ட்கிரஸ்ஸை டெபியன் பக்குவமாகக் கையாள்கிறது. டெபியன் 11லிருந்து 12க்குப் போகும்போது போஸ்ட்கிரஸ் 13 அப்படியே இருக்கும், பக்கத்தில் 15 வெற்றுத் தரவோடு 5433ஆம் போர்ட்டில் எழும். அதைப் பார்த்துத் தரவு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம், பழையதைத் தேவையற்றது என்று நீக்கவும் வேண்டாம். வெற்று 15ஐ பிஜி_டிராப்கிளஸ்டர் கட்டளையால் நீக்கிவிட்டு, பிஜி_அப்கிரேடுகிளஸ்டர் 13 மெயின் என்று கொடுத்தால் தரவு நகரும். நீக்கும் கட்டளையில் 15 என்ற எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். பயன்பாடு ஒழுங்காக ஓடுவதைச் சில நாள் பார்த்தபின் 13ஐ நீக்கினால் போதும்.

கணினி எழவே இல்லை என்றால்

முதலில் பழைய கர்னலை முயலுங்கள். தொடங்கும்போது எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் கணினிகளில் ஷிஃப்டை அழுத்தினால் கிரப் (கணினியைத் தொடங்கிவைக்கும் நிரல்) பட்டியல் வரும். அதில் மேம்பட்ட தெரிவுகளுக்குள் முந்தைய கர்னல் இருக்கும். அது எழுந்தால் முழுக் கணினியும் உங்கள் கையில், மேலே சொன்னவற்றைத் தொடரலாம்.

அதுவும் முடியாவிட்டால் லைவ் யுஎஸ்பி வேண்டும், முடிந்தவரை அதே வெளியீட்டினுடையது. அதில் எழுந்து, எல்எஸ்பிஎல்கே கட்டளையால் உங்கள் ரூட் பிரிவைக் கண்டுபிடித்து /எம்என்டியில் ஏற்றுங்கள். குறியாக்கம் செய்த வட்டு என்றால் முதலில் கிரிப்ட்செட்டப் மூலம் திறக்க வேண்டும். பூட் தனிப் பிரிவாக இருந்தால் அதையும், இஎஃப்ஐ பிரிவையும் அதனதன் இடத்தில் ஏற்ற மறக்காதீர்கள். மறந்தால் புதிய இனிட்ராம்எஃப்எஸ் தவறான இடத்தில் எழுதப்படும், ரீபூட் செய்தால் எதுவும் மாறியிருக்காது. பிறகு டெவ், ப்ராக், சிஸ் அடைவுகளை மவுண்ட் --பைண்ட் மூலம் உள்ளே இணைத்து:

சூடோ சிஹெச்ரூட் /எம்என்டி

இப்போது நீங்கள் இருப்பது உங்கள் சொந்தக் கணினிக்குள். பாதியில் நின்ற பேக்கேஜ்களை முன்பு சொன்னபடி உள்ளமைத்துவிட்டு, வரிசையாக இவை இரண்டு:

அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்
அப்டேட்-கிரப்

ஒரு கர்னலுக்கு இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு ஏற்கெனவே இல்லையென்றால், -யு தெரிவு சில நேரம் அதைப் புதிதாக உருவாக்க மறுக்கும். அப்போது -யு இடத்தில் -சி போட்டு, -கேக்குப் பின் அந்தக் கர்னலின் எண்ணைத் தெளிவாகக் கொடுங்கள்.

டிபிகேஜியின் நிலைக் கோப்பே சேதமாகிவிட்டது என்றால், /வார்/லிப்/டிபிகேஜி அடைவில் ஸ்டேட்டஸ்-ஓல்டு என்ற முந்தைய நகலும், /வார்/பேக்கப்ஸ் அடைவில் தினசரி நகல்களும் இருக்கும். சேதமானதை அழிக்காமல் பெயர் மாற்றிவிட்டு நகலை அங்கே வையுங்கள்.

மீண்டபின்

டிபிகேஜி --ஆடிட் எதுவும் சொல்லாமல் திரும்ப வேண்டும். மின்சாரம் போய் நின்ற கணினியில் டிபிகேஜி --வெரிஃபை கட்டளையையும் இயக்குங்கள். பேக்கேஜ் தந்த கோப்புகளில் மாறியவை தெரியும். /ஈடிசிக்கு வெளியே மாறியிருப்பது சந்தேகத்துக்குரியது, அந்த பேக்கேஜை ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் மூலம் மறுபடி நிறுவுங்கள். இவை எல்லாம் முடிந்து, கன்சோல் உங்கள் கண்முன் இருக்கும்போது ரீபூட் செய்யுங்கள். பிற்பகலில் செய்யுங்கள், இரவு கடைசி வேலையாக வேண்டாம்.

அடுத்த முறை தொலைவிலிருந்து அப்கிரேடு செய்தால் டீமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் இருந்து செய்யுங்கள், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. உபுண்டுவின் டூ-ரிலீஸ்-அப்கிரேடு தானாகவே ஸ்கிரீனுக்குள் ஓடுகிறது, அவசரத்துக்கு 1022ஆம் போர்ட்டில் கூடுதலாக ஒரு எஸ்எஸ்ஹெச் வாசலையும் திறந்து வைக்கிறது. ஃபயர்வாலில் அந்த போர்ட்டை முன்பே அனுமதித்தால்தான் அது பயன்படும். பிடிஆர்எஃப்எஸ் அல்லது எல்விஎம் இருந்தால் தொடங்குவதற்கு முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், சில வினாடிகளில் முடிந்துவிடும்.

பழைய பதிப்புக்குத் திரும்பிய பேக்கேஜை ஆப்ட்-மார்க் ஹோல்டு போட்டு நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்கிரேடில் அதே குறையுள்ள பதிப்பு திரும்ப வந்துவிடும். நிறுத்தியதைக் காலண்டரிலும் குறித்துவையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த பேக்கேஜுக்கு வராமல் போகும் என்பதால், திருத்திய பதிப்பு வெளியானதும் ஆப்ட்-மார்க் அன்ஹோல்டு கொடுத்து விடுவித்துவிடுங்கள்.